ஒரு விரல் வாட்டம்

மேஸ்திரி கட்டிய மொட்டைமாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது என்று சொல்ல ஆள் கிடையாது. நாற்பத்தோரு வருஷத் தொழிலில் இருநூறு வீட்டுக்குக் குறையாமல் தளம் போட்டவர். எப்பேர்ப்பட்ட மழை கொட்டினாலும், விட்ட கால் மணி நேரத்தில் அவர் தளத்தில் பாய் விரித்துப் படுக்கலாம் என்பார்கள். வீடு கட்ட வருகிறவர்கள் கூலி பேசுவதற்கு முன்னாலேயே, "மத்த வேலைய யார் வேணா செய்யட்டும், வாட்டம் மட்டும் உங்க கையால விட்டுடுங்க" என்று கேட்டுக்கொள்வார்கள். தண்ணீர் ஓடிப்போவதற்காகத் தளத்தில் விடுகிற சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். அது மனிதன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தண்ணீருக்குத் தெரிய வேண்டும். பத்தடிக்கு ஒரு விரற்கடை என்பது மேஸ்திரியின் கணக்கு. அளவுகோல் வைத்துப் பார்க்கமாட்டார். கை தானாக இறக்கிவிடும்.

அந்தக் கைக்குத்தான் ஊரில் மரியாதை. "மேஸ்திரி வீடு" என்றால் சொன்ன சொல் மாறாத வீடு. அறுபத்து மூன்று வயதில் முதுகு கொஞ்சம் வளைந்திருக்கலாம், பேர் வளையவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. கிணறு இல்லை. போட்ட ஆழ்துளைக் குழாயும் எண்ணூறு அடியில் புழுதியைக் கக்கிவிட்டு ஓய்ந்துபோனது. வெளியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேச்சை எடுத்தான்.

"அப்பா, அந்த மேட்டுல புல்லு முளைக்கறதுக்கே நாலு தடவ யோசிக்குது. செங்கல் சூளைக்காரங்க மூணடி ஆழத்துக்கு மண்ணு கேக்கறாங்க. வெட்டிட்டுப் போகட்டுமே."

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் மருமகள் திறந்தாள். நாற்றுப் பண்ணையில் ஏழு வருஷமாக ஒட்டுக் கட்டுகிறவள். கத்தி பிடித்த கை, பேச்சிலும் அந்தக் கூர்மை உண்டு.

"மண்ணைக் குடுத்துட்டு நிலம்னு எதைக் காட்டுவீங்க? பள்ளத்தையா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

"மரம் வைப்போம். மா, கொய்யா, சீத்தா. நான் ஒட்டுக் கட்டின கன்னு அறுபது இருக்கு."

"தண்ணி?"

"வருஷத்துக்கு நாலு மழையாவது பெய்யுதா இல்லையா? அந்த நாலும் நம்ம மேட்டுல எறங்கி, நமக்கு ஒரு வணக்கம்கூட வைக்காம எங்க அப்பா நிலத்து வழியா ஓடைக்குப் போயிடுது. குறுக்க வரப்புப் போட்டு, கொஞ்சம் நில்லுன்னு பிடிச்சு வச்சா மண்ணு குடிச்சுக்கும். மண்ணு குடிச்சதை மரம் கோடை முழுக்கக் குடிக்கும்."

மேஸ்திரியின் வீட்டம்மா குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "கட்டின புருஷனையே ஒரு வாரம் வீட்டுல பிடிச்சு வைக்க முடியல. இவ மழையப் பிடிச்சு வைக்கப் போறாளாம்."

"மழை சொன்ன பேச்சு கேக்கும் அத்தை. உங்க பிள்ளைதான் கேக்க மாட்டாரு."

மகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி. ஒரு மழைக்காலம், ஒரு கோடை. கோடை முடியறப்ப நான் வந்து எண்ணுவேன். அறுபதுல பாதிக்கு மேல உசுரோட இருந்தா மரம். இல்லேன்னா மண்ணு. பேச்சு மாறக் கூடாது."

"இந்த வீட்டுல பேச்சு மாறினது எப்போ?" என்றார் மேஸ்திரி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாழ்நாள் பூரா செங்கல் அடுக்கினவன் நான். என் மண்ணே செங்கல்லாகி எவன் வீட்டுச் சுவத்துலயோ போய் நிக்கறதைப் பாக்கமாட்டேன். கன்னு நீ வைம்மா. வரப்பு நான் போடறேன்."

மறுநாளே மருமகள் அவரை மேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். சரிவுக்குக் குறுக்கே ஆறு வரப்பு. ஒவ்வொன்றும் நூற்றைம்பது அடி. வரப்புக்கு மேல்பக்கம் பதினைந்து அடிக்கு ஒன்றாகப் பத்துக் கன்று.

"மட்டமா இருக்கணும் மாமா. இந்த முனையும் அந்த முனையும் ஒரே உயரம்."

"மட்டத்தைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"சொல்லல மாமா. சும்மா வாயில வந்துடுச்சு."

மேஸ்திரி தன் மட்டக்குழாயை எடுத்துவந்தார். வேறொன்றுமில்லை, உள்ளே தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால், நடுவில் மேடோ பள்ளமோ, தண்ணீர் இருபுறமும் ஒரே உயரத்தில் நிற்கும். மனிதன் பொய் சொல்லலாம், குழாய் சொல்லாது. ஒரு முனையை மருமகள் பிடித்தாள். மறு முனையோடு மேஸ்திரி பத்துப் பத்தடியாக நகர்ந்தார். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார், ஒற்றைக் கண்ணை மூடுவார், மட்டம் பார்ப்பார், ஒரு விரல் இறக்குவார், முளைக்குச்சி அடிப்பார். அடுத்த பத்தடி.

மூன்றாவது முளைக்கு மருமகள் கேட்டாள். "அது என்ன மாமா, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்?"

"அது அப்படித்தாம்மா" என்றார் மேஸ்திரி, கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நாற்பத்தோரு வருஷக் கையிடம் எவ்வளவுதான் கேள்வி கேட்பது?

ஆள் வைத்து மண் வெட்டி, வரப்பை உயர்த்தி, மிதித்து இறுக்கி, ஒரு மாதத்தில் வேலை முடிந்தது. பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வரப்பா அது, சுவர் பூசின மாதிரி ஆறு கோடு. கன்றுகளை மருமகள் தன் கையாலேயே ஊன்றினாள். ஒவ்வொன்றிலும் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தாள். சரிவின் அடியில் அவளுடைய அப்பாவின் சோளக் காடு. அன்றுதான் விதைத்திருந்தார்கள்.

முதல் மழை பதினோரு நாள் கழித்து ஒரு பிற்பகலில் வந்தது. வந்தது என்பதைவிட இறக்கிவிட்டது என்று சொல்வது சரி. மேட்டோரக் கொட்டகைக்குள் நின்று மேஸ்திரியும் வீட்டம்மாவும் மருமகளும் பார்த்தார்கள். முதல் வரப்பில் தண்ணீர் வந்து மோதியது. மருமகள் கையைக் குவித்துக்கொண்டு குதிக்காத குறை. "நிக்குது மாமா! நிக்குது பாருங்க!"

நிற்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்ததுபோல் இருந்த தண்ணீர், வரப்பை ஒட்டி மெல்லக் கிழக்கே நடந்தது. நடந்தது ஓடியது. ஆறு வரப்புத் தண்ணீரும் ஆறு கிழக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் வரப்பின் முனை கரைந்து இரண்டாவதன் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதை உடைத்தன. கடைசி வரப்பு உடைந்தபோது எழுந்த சத்தம் லாரியிலிருந்து ஜல்லி கொட்டிய சத்தம் போல இருந்தது. சிவப்புத் தண்ணீர் வேலியைத் தூக்கிக்கொண்டு சோளக் காட்டுக்குள் பாய்ந்தது.

மழை விட்டது. கால் மணி நேரத்தில் மேஸ்திரியின் மேடு, அவர் கட்டிய மொட்டைமாடி மாதிரியே, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது.

கிழக்கு முனையில் இருந்த கன்றுகளில் பதினேழு போய்விட்டன. வேரோடு போனவை பாதி, சேற்றில் புதைந்து முறிந்தவை பாதி. மருமகள் முறிந்த கன்றுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்தார். முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் டிரைவர்தான். குரலும் அந்த அளவுக்கு. தெருமுனையில் இருமினால் வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்றார் மேஸ்திரி.

"எங்க உக்கார? உக்கார்றதுக்கு என் காட்டுல இடம் இல்லாம உங்க நிலம் வந்து உக்காந்திருக்கு. பொண்ணை உங்க வீட்டுக்கு அனுப்பினேன், பதிலுக்கு மண்ணை அனுப்பிட்டீங்க. கணக்கு சரியாப் போச்சு."

"மழை ஜாஸ்தி."

"மழை ஜாஸ்தியா? நாலு ஊருக்குத் தளம் போட்டுக் குடுத்த கை, நாலு முழம் வரப்பு போட முடியலன்னா எப்படி சம்பந்தி? விதைச்ச அரை ஏக்கர் போச்சு."

மேஸ்திரியின் காது சூடானது. அவரை இப்படிக் கேட்ட மனிதன் இதுவரை பிறக்கவில்லை. "மண்ணு புதுசு. இறுகல. எங்க வேலையில பிசகு கிடையாது" என்றார். குரல் அவருக்கே கொஞ்சம் அந்நியமாகக் கேட்டது.

டிரைவர் மகள் பக்கம் திரும்பினார். "அப்ப எல்லாம் இவ வேலைதான். மழையப் பிடிக்கறேன், மரத்தை வளக்கறேன்னு நாலு எழுத்துப் படிச்ச கொழுப்பு. வீட்டுப் பெரியவர சேத்துல இறக்கி விட்டிருக்கா."

மருமகள் ஒரு கணம் மாமனாரைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாப்பா. என் தப்புதான். வரப்புக்கு இடம் காட்டினது நான். உங்க காட்டுல விழுந்த சேத்தை நானே வந்து அள்ளறேன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள். மேஸ்திரி பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை வாசலில் நின்ற வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் இறுகவில்லை என்று சொல்லிவிட்டாரே தவிர, அவர் மனசு ஒப்பவில்லை. அவர் மிதித்த மண் அது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டக்குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் முனையைப் பிடிக்க வா" என்று வீட்டம்மாவைக் கூப்பிட்டார்.

"கல்யாணமாகி நாப்பது வருஷத்துல இப்பத்தான் என்னை வேலைக்குக் கூப்பிடறீங்க. கூலி உண்டா?"

"வாயை மூடிட்டுப் பிடி."

மேற்கு முனையில் அவள் நின்றாள். குழாய் எட்டுகிற வரை நகர்ந்து, அடையாளம் வைத்து, அங்கிருந்து மறுபடி நகர்ந்து கிழக்கு முனைக்கு வந்தார் மேஸ்திரி. குழாயில் தண்ணீர் நின்ற இடத்தையும் உடைப்போரம் இன்னும் நின்ற முளைக்குச்சியின் தலையையும் பார்த்தார். சாண் வைத்தார். சாணுக்கு மேல் மூன்று விரல் வைத்தார். குழாயில் குமிழி இருக்கும் என்று நினைத்துத் தட்டினார். குமிழி இல்லை.

இரண்டாவது வரப்பு. சாணும் மூன்று விரலும். மூன்றாவது, நான்காவது. சாணும் மூன்று விரலும். பன்னிரண்டு விரல் ஒரு சாண். ஆகப் பதினைந்து விரல். நூற்றைம்பது அடிக்குப் பதினைந்து விரல்.

மேஸ்திரி வரப்பின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க? தலை சுத்துதா?"

"வாட்டம் விட்டிருக்கேண்டி."

"என்ன?"

"பத்தடிக்கு ஒரு விரல். தண்ணி நிக்கறதுக்குப் போட்ட வரப்புல, தண்ணி ஓடறதுக்கு வாட்டம் விட்டிருக்கேன். ஆறு வரப்புலயும். ஒரு நூல் பிசகாம."

வீட்டம்மா குழாயைச் சுற்றிக்கொண்டே அருகில் வந்தாள். சிரிப்பு வரத்தான் செய்தது, அடக்கிக்கொண்டாள். "தப்புப் பண்றதுல கூடவா இவ்வளவு நேர்த்தி?" என்றாள். பிறகு, "கூடப் பிடிச்சவ ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டா."

"என்ன கேட்டா?"

"ஒவ்வொரு தடவையும் எதுக்கு ஒரு விரல்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அது அப்படித்தான்னு சொன்னேன்."

வீட்டம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்ப நேத்து மழையப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் காலையில அவ அப்பன் முன்னாடி என் தப்புன்னு சொன்னா. வேற வீட்டுலேர்ந்து வந்தவ இந்த வீட்டு மானத்தைக் காப்பாத்தினா. இந்த வீட்டுலயே பொறந்தவரு மண்ணு மேல பழியைப் போட்டாரு."

நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. பேசியதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை.

சம்பந்தி வீட்டுக்கு நிலத்து வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். யாரும் பார்க்கமாட்டார்கள். மேஸ்திரி முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டு, பட்டனைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு, தெரு வழியாகப் போனார். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வழிவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறவன் கொல்லை வழியாகப் போனால் அது இன்னொரு தப்பு என்பது அவர் நியாயம்.

சோளக் காட்டில் அப்பாவும் மகளும் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன சம்பந்தி, மீதி நிலத்தையும் அனுப்பி வைக்கலாம்னு சொல்ல வந்தீங்களா?" என்றார்.

மேஸ்திரி வரப்போரம் நிற்காமல் சேற்றுக்குள் இறங்கி வந்தார். "சம்பந்தி, காலையில என் வேலையில பிசகில்லன்னு சொன்னேன். பிசகு என்னுது. தளத்துக்கு விடற மாதிரி வரப்புக்கு வாட்டம் விட்டுட்டேன். உங்க பொண்ணு மட்டமா இருக்கணும்னுதான் சொன்னா. பாதி வேலையில எதுக்கு அந்த ஒரு விரல்னும் கேட்டா. நான் காதுல வாங்கல. அவ மேல ஒரு குத்தமும் கிடையாது."

"மாமா, விடுங்க..." என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா. காலையில நான் சும்மா இருந்தேன், அது தப்பு. இப்ப நீ சும்மா இரு, அது சரி."

டிரைவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சம்பந்தியையே பார்த்தார். திட்டுவார் என்று மகள் பயந்தாள். அவரோ மண்வெட்டிக் கட்டையில் மோவாயை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சம்பந்தி, உங்க கிட்ட மட்டும் சொல்றேன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் வீட்டுல யாராவது ரெண்டு தடவ கையைத் தட்டினா, கண்டக்டர் 'ரைட்' குடுத்துட்டாருன்னு என் கால் தானா ஆக்சிலேட்டரைத் தேடுது. போன வாரம் பேத்தி கையைத் தட்டினா, நான் எட்டி உதைச்சதுல தண்ணிக்குடம் உருண்டுடுச்சு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கழுத்துப் பட்டன் கொஞ்சம் இறுக்குவதுபோல் இருந்தது; அதைக் கழற்றிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் டிரைவர், குரலை மாற்றி. "என் பொண்ணை நான் காலையில திட்டினேனே, அதைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்க சொல்லியிருந்தா திட்டியிருக்கமாட்டேன்."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப அந்த மண்ணள்ளற சட்டியை எடுங்க. சேறு நிறைய இருக்கு."

அன்று சாயங்காலம் வரை மூன்று பேரும் சேறு வாரினார்கள். வாரிய மண் உடைந்த வரப்புக்கே திரும்பிப் போனது.

மறுபடி மட்டம் பார்த்தபோது குழாயை மருமகள் பார்த்தாள், முனையைப் பிடித்தவர் மேஸ்திரி. அவர் கை கீழே இறங்கும்போதெல்லாம் அவள், "விரலு, மாமா" என்பாள். கை மேலே ஏறிக்கொள்ளும். ஒரு நாளில் நாற்பது தடவை சொல்லியிருப்பாள். நாற்பதாவது தடவை, "விரலை வெட்டி உன் கையில குடுத்துடறேன் தாயே" என்றார் மேஸ்திரி.

"வேணாம் மாமா. ஒட்டுக் கட்டினா மறுபடி வந்துடும்."

தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது, அளவுக்கு மிஞ்சினது போகவும் வழி வேண்டும் என்பதை அந்த உடைப்பே சொல்லிவிட்டது. ஒவ்வொரு வரப்பிலும் ஒரு முழ அகலத்துக்குத் தலையைத் தாழ்த்தி, கல் பதித்து ஒரு வாய் வைத்தார்கள். வரப்பு நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் அந்த வாய் வழியாக அடுத்த வரப்புக்கு இறங்கும். இறங்கும் இடத்தில் மண் அரிக்காதபடி கீழேயும் கல். அந்தக் கல் வேலையில் மேஸ்திரியை விஞ்ச ஆள் இல்லை. அங்கே கையை அதன் போக்குக்கு விட்டுவிட்டார். கடைசி வரப்பின் வாய், டிரைவரின் எல்லையில் வெட்டிய குட்டையில் போய் முடிந்தது. "டெர்மினஸ்" என்று அதற்கு டிரைவர் பேர் வைத்தார்.

அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்றது.

மேஸ்திரியால்தான் நிற்க முடியவில்லை. ஆறு வரப்பிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் ஊறல் எடுத்தது. அவர் வாழ்க்கையில் நின்ற தண்ணீர் என்றால் அவமானம். ஒரு முறை அவர் கை தன்னையறியாமல் கொட்டகை மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டது.

"எங்க போறீங்க?" என்றாள் வீட்டம்மா.

"சும்மா... பாத்துட்டு வரலாம்னு."

"துடைப்பத்தோடயா?"

இரண்டாம் நாள் தண்ணீர் பாதியானது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தபோது வரப்புக்குள் ஈரச் சேறு மட்டும்தான். மருமகள் கடப்பாரையைக் கன்றுக்குப் பக்கத்தில் இறக்கினாள். எப்போதும் ஒரு சாணுக்கு மேல் இறங்காத மண்ணில் அது முழங்கை ஆழத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் மூன்றே மழை. மூன்றையும் மண் குடித்துத் தீர்த்தது. சோளம் அறுத்ததும் டிரைவர் அதன் காய்ந்த தட்டையை வண்டியில் ஏற்றி வந்து, "லோடு வந்திருக்கு, இறக்கிக்கங்க" என்று தெருவே அதிரக் கத்தினார். அதை ஒவ்வொரு கன்றின் காலடியிலும் கனமாகப் பரப்பினார்கள், ஈரம் வெயிலுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

அப்புறம் கோடை. ஐந்து மாதம் வானம் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மருமகள் காலையில் பண்ணைக்குப் போகும்முன் ஒரு சுற்று, வந்ததும் ஒரு சுற்று. மேஸ்திரி தன் பங்குக்குக் குடம் எடுத்துப் போக நினைத்ததுண்டு. "வேணாம் மாமா. மேல ஊத்தினா வேரு மேலயே உக்காந்துக்கும். தாகம் எடுத்தாத்தான் கீழ இறங்கித் தேடும்" என்று அவள் தடுத்துவிட்டாள். கொடுமைக்கார மாமியார் பேச்சு மாதிரி இருக்கிறது என்று நினைத்தார். ஆனால் இந்த முறை காதில் வாங்கிக்கொண்டார்.

கோடையின் கடைசி வாரத்தில், சொன்னபடி மகன் வந்தான். பையைக் கூட உள்ளே வைக்காமல் மேட்டுக்கு ஏறினான். பின்னாலேயே எல்லாரும். செய்தி தெரிந்து டிரைவரும் வந்து சேர்ந்தார்.

மகன் வரிசை வரிசையாக நடந்து எண்ணினான். மா பதினொன்று. நன்றாகவே நின்றன, ஒன்றிரண்டில் செம்பழுப்பாகத் துளிர்கூட. கொய்யா பதினான்கு. சீத்தா நான்கில்தான் இலை இருந்தது. மற்றவையெல்லாம் நட்ட குச்சி மாதிரி மொட்டையாக நின்றன.

"இருபத்தொம்பது" என்றான் மகன்.

மகனுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது போலும், குரல் இறங்கிவிட்டது. "பாதின்னாக்கூட முப்பது வேணும்."

"ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கும்டா" என்றாள் அம்மா. "அந்த ஓரத்துல இருக்கறதையும் சேத்துக்கோ."

"அது செத்துப்போச்சும்மா."

"அதுக்கென்ன, பேருக்கு ஒண்ணு..."

"சேக்காத" என்றார் மேஸ்திரி. முதுகு நிமிர்ந்திருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. "பாதிக்கு மேலன்னு பேச்சு. இருபத்தொம்பதுன்னா இருபத்தொம்பதுதான். சூளைக்காரங்களை வரச் சொல்லு."

"மாமா, இருங்க."

மருமகள் மொட்டையாக நின்ற ஒரு சீத்தாவின் முன்னால் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்த ஒட்டுக்கத்தியை எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். "மா, கொய்யா கோடையிலயும் இலையோட நிக்கும். சீத்தா அப்படி இல்ல. தண்ணி கம்மின்னு தெரிஞ்சா இலையை உதிர்த்துட்டுத் தூங்கிடும். வாடறது வேற, சாகறது வேற. நீங்க எண்ணினது இலையை. உசுரை இன்னும் எண்ணல."

பட்டையில் நகக்கண் அளவுக்குச் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. காய்ந்த பழுப்பு. டிரைவர் முதல்முறையாகச் சத்தமில்லாமல் மூச்சு விட்டார்.

அவள் எழுந்து அடுத்ததற்குப் போனாள். ஒட்டுக்கு ஒரு சாண் மேலே சுரண்டினாள். பச்சை. வெள்ளரிப் பிஞ்சின் தோலைச் சீவினதுபோல ஈரமான, இளம் பச்சை.

"முப்பது" என்றாள்.

அடுத்தது. கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டார். பட்டை உரிந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார் மேஸ்திரி. சொன்னவர் எழவில்லை. பச்சையாகத் தெரிந்த அந்தச் சின்னக் கீறலின்மேல் கட்டைவிரலை வைத்து, வெயில் படாமல் மூடிக்கொண்டார்.

"கத்தியைக் குடு" என்று மகன் கையை நீட்டினான். நான்காவதை அவனே சுரண்டினான். பச்சை. ஐந்தாவது, ஆறாவது. ஒன்று பழுப்பு, அடுத்தது பச்சை. முப்பத்தாறு வரை எண்ணிவிட்டு, திரும்பி வந்து, ஏற்கெனவே இலையோடு நன்றாக நின்ற ஒரு கொய்யாவின் பட்டையிலும் கத்தியை வைத்தான்.

"டேய்," என்றாள் அம்மா, "ஜெயிச்சாச்சு, போதும் விடு. மரத்துக்கு உடம்புல கொஞ்சம் தோலாவது மிஞ்சட்டும்."